அகதியும் உழைப்பும்: அயர்லாந்து தரும் படிப்பினை

மனிதனை மனிதனாக்கியது உழைப்பே என்பது முற்போக்குச் சிந்தனையின் அடிப்படைகளுள் ஒன்று. உழைப்பு வயிற்றை நிரப்பும் வழி மாத்திரமன்று; தன்னைச் சூழ்ந்த உலகை மாற்றும்போதே மனிதன் தன்னையும் ஆக்கிக்கொள்கிறான். ஆகவே ஒருவனிடமிருந்து உழைக்கும் வாய்ப்பைப் பறிப்போர் அவனது கூலியோடு அவனது ஆளுமையின் ஒரு பகுதியையும் பறித்துவிடுகின்றனர். நாம் வகுப்பறையிலும் மேடையிலும் பலகாலும் சொல்லிவரும் இவ்வுண்மையை ஒரு நாட்டின் உயர் நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் ஏற்றுக்கொண்டமை நம்மிற் பலர் அறியாத செய்தி. அந்நாடு அயர்லாந்து, வழக்கைக் கொண்டுவந்தவர் பர்மாவிலிருந்து வந்து புகலிடம் கோரிய ஒருவர்.

புலம்பெயர்வின் துயரை அயர்லாந்து மக்கள் நன்கறிவர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதோடு தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினரோ அதனினும் கூடியோரோ கடல் கடந்தனர். நாட்டில் விளைந்த தானியமோ பஞ்ச காலத்திலும் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டா என்று கூறும் வேலை விளம்பரங்களை அவர்கள் சென்ற நாடுகளிற் கண்டனர். இத்தகைய வரலாற்றையுடைய மக்களின் அரசு, 1990களில் நாடு செல்வம் கொழிக்கத் தொடங்கிப் பிறர் அங்கு புகலிடம் தேடி வந்தபோது, தானும் அதே கதவடைப்பைச் செய்தது. 1996ஆம் ஆண்டின் அகதிச் சட்டத்தினது 9ஆம் பிரிவு, கோரிக்கை மீது இறுதி முடிவு கிடைக்கும்வரை புகலிடம் கோருவோர் வேலை தேடுவதையும் செய்வதையும் அறவே தடைசெய்தது.

இத்தடையோடு பிணைந்து வளர்ந்ததே 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நேரடி வழங்கல்’ என்னும் ஏற்பாடு. விடுதிகளிலும் பழைய விடுமுறைக்கால முகாம்களிலும் புகலிடம் கோருவோர் தங்கவைக்கப்பட்டனர். அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தனியார் கம்பெனிகள் அரச ஒப்பந்தத்தின் பேரில் இலாபத்துக்கு நடத்தின. உணவும் படுக்கையும் இலவசம். வயது வந்தவர் ஒருவரின் கைச்செலவுக்கு வாரம் 19.10 யூரோ. 2016ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியத்தின்படி இது ஏறத்தாழ இரண்டு மணிநேர உழைப்பின் விலை. 2017 வரை இத்தொகை உயர்த்தப்படவில்லை. சில மாதங்களுக்கென வகுத்த ஏற்பாட்டிலே மனிதர் ஆண்டுக்கணக்காகச் சிறைப்பட்டனர். 2015இல் முன்னாள் நீதிபதி பிரையன் மக்மஹோன் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, அவ்வேற்பாட்டுள் அகப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்திருந்தனர். வேலைக்கு அனுமதித்தால் மேலும் பலர் வந்து குவிவர் என்பதே அரசு கூறிவந்த நியாயம்.

புகலிடம் கோருவோரிற் பலர் காயப்பட்டே வருகின்றனர். சித்திரவதையிலிருந்து உயிர்தப்பி வந்தோருக்குச் சிகிச்சையளிக்கும் ஸ்பிராசி என்னும் நிலையம் டப்ளினில் 1999இல் நிறுவப்பட்டமையே இதற்குச் சான்று. இத்தகையோருக்கு, காலையில் எழுந்து செல்ல ஓரிடமும், செய்து முடிக்க ஒரு பணியும், தன் கையாற் சம்பாதித்த நாலு காசும் மருந்தினும் குறைந்தவையல்ல. அவற்றை மறுத்து, நாலு சுவருக்குள் பழைய நினைவுகளோடு தனித்திருக்கச் செய்வது இரண்டாவது காயம். முதற் காயத்தை இழைத்தவன் கொடுங்கோலன் என்கிறோம். இரண்டாவதை இழைப்பது ஒரு சட்டப்பிரிவு. அதன் கையில் இரத்தக்கறை தெரிவதில்லை.

இந்த இரண்டாவது காயத்தையே நீதிமன்றத்தின் முன் வைத்தார் பர்மாவைச் சேர்ந்த மேற்சொன்ன மனிதர். 2008 யூலையில் அயர்லாந்தை அடைந்தார். கோரிக்கை மறுக்கப்படுவதும், அம்மறுப்பு நீதிமன்றத்தில் இரத்தாவதும், விசாரணை மீண்டும் தொடங்குவதுமாக ஆண்டுகள் எட்டு உருண்டன. 2013இல் அவர் வசித்த நிலையத்திலேயே அவருக்கு ஒரு வேலை முன்வந்தது. அனுமதி கேட்டார்; சட்டம் இடந்தராது என அமைச்சு மறுத்தது. மறுப்பை எதிர்த்து வழக்காடினார். சோம்பியிருக்கும் வாழ்வு தம்மை மனச்சோர்வில் ஆழ்த்துகிறது என்பதும், தமது தன்மதிப்புக்கு வேலை இன்றியமையாதது என்பதும் அவரது முறையீடு. மேல் நீதிமன்றம் 2015இல் வழக்கைத் தள்ளியது. மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2016இல் பெரும்பான்மையாற் தள்ளியது. நீதிபதி ஹோகன் மட்டும் மாறுபட்டார். உயர் நீதிமன்றம் விடயத்தைக் கேட்பதற்கு முன்பே அவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டது. எனினும் பிறர் பொருட்டு அவ்வினா தீர்க்கப்படவேண்டியதாயிற்று.

2017 மே 30இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பை ஓடொனல் எழுதினார். குடிமக்களுக்கும் அல்லாதோருக்குமிடையே அரசு வேறுபாடு காட்டலாம். புகலிடம் கோருவோரின் வேலையுரிமையை மட்டுப்படுத்தவும் செய்யலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வேலை மனித ஆளுமையோடும் கண்ணியத்தோடும் பிணைந்தது. விசாரணைக்குக் கால எல்லை இல்லாத நிலையில் முழுத்தடை என்பது உரிமையை மட்டுப்படுத்துவதன்று, அடியோடு அழிப்பது என்றது. தன்மதிப்புக்கு நேரும் சேதத்தைத் தடுப்பதற்கே அவ்வுரிமை இருக்கிறது என்றும் கூறிற்று. கண்ணுக்குத் தெரியாத காயம் இங்ஙனம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியலாயிற்று.

ஆனால் தீர்ப்போடு கதை முடியவில்லை. ஆளும் வர்க்கம் முன்வாயிலிற் தோற்றதைப் பின்வாயிலால் மீட்கும் கலையில் வல்லது. 2018 பெப்ரவரியிற் தடை செல்லாதென முறைப்படி அறிவிக்கப்பட்டது. உடனே கொண்டுவந்த இடைக்கால ஏற்பாட்டின்படி, ஆண்டுக்கு 30,000 யூரோவேனும் தரும் வேலையைத் தேடிக்கொள்ளவேண்டும். அறுபதுக்கு மேற்பட்ட தொழில் வகைகள் விலக்கு. அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டணம் குறைந்தது 500 யூரோ. வாரப்படி அப்போது 21.60 யூரோ. ஐந்து மாதப் படி முழுவதையும் சேர்த்துவைத்தாலன்றி விண்ணப்பிக்கவே இயலாது! அவ்வாண்டு யூன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நியமங்களைத் தழுவிய புதிய விதிகள் வந்தன. ஒன்பது மாதத்துள் முதல் முடிவு கிடைக்காதோர் வேலை செய்யலாம் என்றாயிற்று. முதற்கட்டத்தில் மறுக்கப்பட்டு மேன்முறையீட்டில் நெடுங்காலம் காத்திருந்தோரோ வெளியிலேயே நின்றனர். காயம் எவர்க்கு ஆழமானதோ அவர்க்கே மருந்து மறுக்கப்பட்டது.

இதன் பின்னர் கிடைத்தவையும் தாமாக வந்தவையல்ல. 2014இல் கோர்க் நகரத்து நிலையமொன்றில் வசித்தோர் வாயிலை மறித்து நாட்கணக்கிற் போராடினர். அக்காலப் போராட்டங்களிலிருந்து புகலிடம் கோருவோர் தாமே நடத்தும் ‘மாசி’ என்னும் இயக்கம் பிறந்தது. பிறர் தமக்காகப் பரிந்து பேசுவதை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை, தாமே பேசினர். 2021 சனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், வேறொரு ஐரோப்பிய நாட்டுக்கு மாற்றப்படவிருப்போருக்கும் அயர்லாந்து வேலையனுமதியை மறுக்கலாகாது எனத் தீர்த்தது. அவ்வாண்டிலே காத்திருப்பு ஆறு மாதமாகக் குறைந்தது; அனுமதியின் காலம் ஓராண்டாகியது. வழக்கும் போராட்டமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே இவ்வரலாற்றின் சாரம்.

இது பிறர் கதையென்று நாம் இருந்துவிட முடியாது. 2024 டிசெம்பரில், அதே பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் படகொன்றில் முள்ளிவாய்க்காற் கரையை அடைந்தனர். அக்கரையின் துயரம் நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. உணவும் நீரும் கொடுத்து அவர்களை எதிர்கொண்டோர் அவ்வூர் மக்களே. ஆனால் இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இணையாத நாடு. இங்கு புகலிடம் தேடுவோர்க்குச் சட்டப்படி உழைக்கும் உரிமை இல்லை. நம்முடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் ஐரோப்பாவின் சமையலறைகளில் வேலை செய்ய அனுமதி கேட்டு வரிசையில் நின்றார்கள். அவ்வனுமதியை நியாயமெனக் கருதும் நாம், நம் கரைக்கு வந்தவனுக்கு அதை மறுப்பது எவ்வாறு நியாயமாகும்? பசித்தவனுக்கு ஒருபிடி சோறிடுவது இரக்கம். அவன் தன் சோற்றைத் தானே உழைத்துண்ண வழிவிடுவதே நீதி. முள்ளிவாய்க்காலின் ஏழை மக்கள் முன்னதைச் செய்துகாட்டினர். பின்னதைக் கேட்டுப் பெறுவது கற்றோராகிய நம் கடன்.