ஆரணிப் போரும் அலைகடல் சிப்பாய்களும்

ஆரணி கடல் காணாத ஊர். கமண்டல நாகநதிக் கரையில் தறியோசை கேட்டு வளர்ந்த நமக்குக் கப்பற்போர் அயலார் கதையாகவே தோன்றும். ஆயினும் 1782 ஜூன் 2 அன்று இங்கே ஹைதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதியபோது, அப்போரின் மறுபாதி கடலில்தான் நடந்துகொண்டிருந்தது. ஹைதரின் தானியமும் வெடிமருந்தும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுப் படையோ அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பரங்கிப்பேட்டையில் கரையிறங்கியிருந்தது.

மரக்காயர்களின் மஹ்மூது பந்தரான அப்பரங்கிப்பேட்டையிலும் சரி, சென்னையிலும் சரி, பெருங்கப்பல்கள் அன்று கரையை அணுக இயலவில்லை. தொலைவில் நங்கூரமிட்டு, படகுகளிலேயே ஆளையும் பொருளையும் இறக்க வேண்டியிருந்தது. ஆணியடித்த படகு இக்கரையின் அலையில் பிளந்துவிடும் என்பதால், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளையே நம்மவர் ஓட்டினர். திருகோணமலை அப்படியன்று, அது இயற்கைத் துறைமுகம். ஆகவேதான் அதற்கு அத்தனை போட்டி. 1782 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பறித்தனர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுக் கடற்தளபதி சுஃப்ரேன் 2,000க்கு மேற்பட்டோரை அங்கே இறக்கி, பீரங்கி மேடை அமைத்து, சில நாட்களில் கோட்டையைக் கைப்பற்றினார்.

என் மனம் நிற்பது 1783 ஜூனில். கடலூர் முற்றுகையில் சிக்கியிருந்தது. சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்களில் பீரங்கிக்கு ஆளில்லை. கரைப்படையிலிருந்து 600 ஐரோப்பியரையும் 600 சிப்பாய்களையும் அவர் கப்பலேற்றினார். நிலத்தில் அணிவகுக்கப் பழகிய அந்தச் சிப்பாய்கள் தாழ்ந்த கூரையுடைய பீரங்கித் தட்டில் நின்றனர். பெரும் பீரங்கியின் குண்டு ஒவ்வொன்றும் 36 ராத்தல். ஒரு பீரங்கியை இழுத்து நிறுத்தப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். சுட்டதும் அது பின்னோக்கிப் பாயும். வடம் அறுந்தால் நிற்பவன் நசுங்குவான். குருதியில் கால் வழுக்காதிருக்கத் தட்டெங்கும் மணல் பரப்புவார்கள். புகையில் எதிரிக் கப்பலும் தெரியாது.

ஜூன் 20 மாலை, 18 ஆங்கிலக் கப்பல்களுடன் இருள் சூழும்வரை குண்டுமாரி. இருதரப்பிலும் சுமார் 200 பேர் மாண்டனர். ஆங்கிலக் கப்பற்படை சென்னைக்குத் திரும்பியது. அந்த 1,200 பேரும் கரைக்கு அனுப்பப்பட்டனர். கூடவே கப்பல்களிலிருந்து மேலும் 1,100 பேரைச் சுஃப்ரேன் இறக்கினார்.

ஹைதர் அதற்கு ஆறு மாதம் முன்பே, 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே வஃபாத்தாகியிருந்தார். கப்பல்களில் உழைத்த நம் நாட்டாரை 'லஸ்கர்' என்றனர். பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. கயிறிழுத்தவனுக்கு அப்பெயராவது கிடைத்தது. தளபதிகளின் பெயரை எழுதிய ஏடுகள் அந்த 600 சிப்பாய்களை ஓர் எண்ணாகவே விட்டுவிட்டன.

ஜூன் இறுதியில் சமாதானக் கொடியுடன் ஒரு கப்பல் கடலூருக்கு வந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் போரை நிறுத்த உடன்பட்டு ஐரோப்பாவில் கையொப்பமிட்ட நாள், 1783 ஜனவரி 20.