சலனப்படச் சுருளிற் பிறந்த நிழற்படக் கருவி

புகைப்படக் கருவி பயணியின் தோளை வருத்திய சுமையாயிருந்த காலம் ஒன்றுண்டு. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில், லைற்ஸ் தொழிலகத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக், ஊர்ப்புறங்களில் நடந்து படம்பிடிப்பதில் விருப்புடையவர். ஆயினும், கண்ணாடித் தகடுகளையும் கனத்த பெட்டியையும் சுமக்கத் தொய்வுநோய் இடந்தரவில்லை.

சலனப்படக் கருவி அமைத்துப் பழகிய அவர், அதற்குரிய 35 மில்லிமீற்றர்ச் சுருளையே நிலைப்படத்துக்கும் கொண்டார். 18க்கு 24 மில்லிமீற்றரான சலனப்படச் சட்டங்கள் இரண்டின் இடத்தை ஒன்றாக்கி, 24க்கு 36 என வகுத்தார். சிறிதாய்ப் பிடித்துப் பெரிதாய்ப் பதிப்பதே அதன் நுட்பம்.

1914 அளவில் மாதிரிக் கருவி உருவாயிற்று, உலகப்போர் குறுக்கிட்டது. போரின்பின் நாடு நலிந்திருந்தபோதும், தொழிலக அதிபர் இரண்டாம் ஏர்ன்ஸ்ற் லைற்ஸ் துணிந்து உற்பத்திக்கு இசைந்தார். 1925இல் லைப்சிக் வணிகச் சந்தையில் ‘லைக்கா’ அரங்கேறியது.

ஒருவரின் மூச்சுத்திணறல் உலகப் பயணிகளின் சுமையை இறக்கிவைத்தது.