மலைக்கு மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. தாண்டினால் கேரளா. ஏலத்தோட்டம் மேலே, ஏலக்காய்க் கடை கீழே, நடுவில் செக்போஸ்ட். இது கணினிக்கும் ஒரு எல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பூப்பாறை பக்கம் தமிழ்வழியில் படித்த என் அத்தை பையன் பள்ளியில் தொட்டது லினக்ஸ். போடியில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே விண்டோஸ்.

கேரளாவில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. முதலில் அங்கேயும் விண்டோஸ்தான். ஒரே கம்பெனியின் மென்பொருளைப் பாடமாக்குவதை ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. பிறகு பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாமே லினக்ஸுக்கு நகர்ந்தன. பயிற்சி கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. ஊரே சேர்ந்து குடி மாறிய மாதிரி.

நம்ம பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. 2007 வாக்கில் உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிசுக்கும் மாறியது. ஆனால் துறைகளுக்கெல்லாம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்குப் போகச் சொல்லி அரசு அறிவுறுத்தியது 2014-இல், எக்ஸ்பி-க்கான ஆதரவு ஏப்ரல் 8-ஆம் தேதி நின்றதையொட்டி. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்ன பிறகு வீடு தேடுகிற கதை.

நான் செய்தது அதைவிட மோசம். 2012 அக்டோபரில் வந்த விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டார்கள். சித்தப்பாவின் ஏலக்காய்க் கமிஷன் கடைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் அதுதான் இருந்தது. "என்னப்பா இது, ஸ்டார்ட்டைக் காணோம்?" என்றார். எனக்கும் கோபம். அன்று ராத்திரியே விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டேன். காலையில் கணக்கு மென்பொருள் ஓடவில்லை, அது விண்டோஸுக்கு மட்டுமானது. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. பறிப்பு சீசன் வேறு. மூன்று நாள் கையால் பில் எழுதினார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் திரும்பி வந்துவிட்டது. லினக்ஸ் பக்கமும் யோக்கியமில்லை: 2011-இல் க்னோம் 3 பழைய பேனலைத் தூக்கியதால்தான் மாட்டே என்றே ஒரு கிளை பிறந்தது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. சித்தப்பாவின் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. "மாத்திரலாமா?" என்று அவரேதான் கேட்டார். இந்த முறை இயங்குதளத்தைத் தொடவில்லை. முதலில் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றுகிறோம். தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்ட குறிமுறை, நாங்கள்தான் லேட். அடுத்து, பிரவுசரிலேயே ஓடுகிற கணக்கு மென்பொருள், ஒரு சீசன் முழுக்கப் பழையதோடு சேர்த்து. அதுவரை அந்தக் கணினிக்கு நெட் இணைப்பு கிடையாது, புதிய கணக்கு சின்ன லேப்டாப்பில். இப்போதைக்கு 2009-ஆம் வருஷக் கடிதங்கள் வரை வந்திருக்கிறோம்.