விண்வெளியிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்கும் டீ கொட்டிய லேப்டாப்பும்

இன்னைக்கு எபிசோட் ஒரு செத்துப்போன லேப்டாப்ல ஆரம்பிக்குது. என்னோடதுதான். டீ கொட்டிட்டேன், ஸ்க்ரீன் அணைஞ்சுது, அவ்வளவுதான். எங்க ஆச்சி அவங்க சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் ரெக்கார்டு பண்ணின ரெண்டு மணி நேர ஆடியோ அதுல மட்டும்தான் இருந்தது. ஆச்சி இப்போ இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். "அண்ணா, போர்டு போனா போகட்டும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டிக் கொடுங்க"ன்னு கேட்டேன். அவர் பின்மூடியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இதுல எதைத் தம்பி கழட்டுறது?"

உள்ளே ஒரே ஒரு போர்டு. ஸ்டோரேஜ் சிப் அதிலேயே சால்டர் பண்ணியிருந்தது. பிராண்ட் பேர் வேண்டாம், இப்போ நிறைய லேப்டாப் இப்படித்தான் வருது. ஆனா எப்போதிலிருந்து இப்படி ஆச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

1956-ல் ஐபிஎம் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கும் மேலான எடை. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்னைக்கு ஒரு பாட்டு சைஸ். அதுக்கப்புறம் டிஸ்க் சுருங்கிக்கிட்டே வந்தது. ஆனா ஒரு விஷயம் மட்டும் மாறல. கம்ப்யூட்டர் வேற, டிஸ்க் வேற. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பிழைக்கும்.

இதுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. 2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் டெக்சாஸுக்கு மேலே உடைந்து சிதறியது. அந்தச் சிதைவுகளுக்குள்ளே ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. செனான் வாயுவை வைத்துச் செய்த ஒரு சோதனையின் டேட்டா அதில் இருந்தது. சர்க்யூட் போர்டு கருகிப்போயிருந்தது. ஆனால் உள்ளே இருந்த தட்டுகள் வளையவில்லை. க்ரோல் ஆன்ட்ராக் என்கிற டேட்டா மீட்பு நிறுவனம் அந்தத் தட்டுகளைச் சுத்தம் செய்து, வேறொரு டிரைவில் பொருத்திப் படித்தது. சுமார் 99 சதவீத டேட்டா வந்துவிட்டது. 2008-ல் அந்தச் சோதனையின் முடிவுகளும் வெளியாகின.

விண்வெளியிலிருந்து விழுந்த டிஸ்க்கில் இருந்து டேட்டா வருது. அரை டம்ளர் டீ பட்ட லேப்டாப்புக்கு ஏன் இவ்வளவு பாடு?

முதல் காரணம், தட்டுகளே போயிடுச்சு. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா குழு 1987-ல் நாண்ட் ஃபிளாஷ் மெமரியை அறிமுகப்படுத்தியது. சுழலும் பாகம் எதுவும் இல்லாத, வெறும் சிப். சிப் என்றால் போர்டிலேயே ஒட்டிவிடலாம், லேப்டாப்பை இன்னும் மெலிசாக்கலாம். 2015-ல் வந்த ஆப்பிளின் 12 அங்குல மேக்புக்கில் ஸ்டோரேஜ் சால்டர் செய்யப்பட்டே வந்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 2016-ல் டச் பார் வைத்த மேக்புக் ப்ரோவிலும் ஸ்டோரேஜ் சால்டர்தான். ஆனால் போர்டில் ஒரு தனி கனெக்டர் வைத்திருந்தார்கள். போர்டு செத்தாலும், சர்வீஸ் சென்டரில் இருக்கும் ஒரு கருவியை அதில் சொருகி டேட்டாவை வெளியே எடுக்க முயற்சி செய்யலாம். 2018 மாடலில் அந்தக் கனெக்டரைக் காணோம்.

ஏன்னா, 2018-ல் டி2 சிப் உள்ளே வந்தாச்சு. ஸ்டோரேஜுக்குப் போகிற ஒவ்வொரு பிட்டையும் அது பூட்டித்தான் அனுப்பும். அந்தப் பூட்டுக்கான மூலச் சாவி, சிப்பைத் தயாரிக்கும்போதே அதற்குள் பதிக்கப்பட்டது. வெளியே எடுக்க முடியாது, ஆப்பிளிடமும் நகல் கிடையாது. 2020-ல் வந்த எம்1-லும் இதே ஏற்பாடுதான். அதனால் மெமரி சிப்பை மட்டும் பிடுங்கிப் படித்தால் கிடைப்பது வெறும் குப்பை எழுத்துகள்.

இதை முழுக்க வில்லத்தனம்னு சொல்ல மாட்டேன். பழைய லேப்டாப்பைத் திருடினவன் டிஸ்க்கைக் கழட்டி உங்க போட்டோ, பேங்க் ஃபைல் எல்லாத்தையும் பார்க்கலாம். இப்போ முடியாது. பிரச்சினை என்னன்னா, டீ கொட்டின நாள்ல அந்தத் திருடனோட இடத்துல நாம நிக்கிறோம். சிப்புக்கு வித்தியாசம் தெரியாது.

அதனால டேட்டா மீட்பு என்கிற தொழிலே உருமாறிவிட்டது. அன்னைக்கு போர்டைத் தூக்கிப்போட்டு டிஸ்க்கைக் காப்பாத்தினாங்க. இன்னைக்கு போர்டையே உயிர்ப்பிக்கணும். பிராசஸர், சாவி, மெமரி மூணும் ஒரு தடவையாவது ஒண்ணா எழுந்து நிக்கணும்.

ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் என்னை வேறொருத்தர்கிட்ட அனுப்பினார். அவர் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் போர்டை வைத்து, பவர் லைனில் ஷார்ட் ஆகியிருந்த கடுகை விடச் சின்ன கெபாசிட்டர் ஒண்ணைக் கண்டுபிடிச்சு மாத்தினார். லேப்டாப் எழுந்தது. "எவ்வளவு நேரம் ஓடும்னு தெரியாது, முதல்ல காப்பி பண்ணுங்க"ன்னார். பண்ணினேன். எனக்கு அதிர்ஷ்டம். டீ பிராசஸர் வரைக்கும் போயிருந்தா ஆச்சி குரல் இன்னைக்கு இல்லை.

அதனால ரெண்டு வேலை சொல்றேன், இந்த எபிசோட் முடிஞ்சதும் செய்ங்க. ஒண்ணு, விண்டோஸ் லேப்டாப்னா பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அதோட ரெகவரி கீயை லேப்டாப்புக்கு வெளியே எழுதி வைங்க. உங்க லேப்டாப்ல எஸ்எஸ்டி கழட்டுற மாதிரி இருந்தா, போர்டு செத்தாலும் அந்தக் கீயை வச்சு இன்னொரு மெஷின்ல திறந்துடலாம். ரெண்டாவது, திரும்ப ரெக்கார்டு பண்ண முடியாத ஃபைல் எதுன்னு யோசிங்க. அதை மட்டுமாவது இன்னைக்கு ராத்திரி ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க.

ஆச்சி ஆடியோ இப்போ மூணு இடத்துல இருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.