பிடியரிசியில் நடந்த பள்ளிக்கூடங்கள்

திருகோணமலைப் பட்டினத்துச் சைவப் பாடசாலைகள் ஊராரின் காணியிலும் வீட்டு முற்றத்திலும் அரிசிப் பானையிலும் வேர்விட்டவை. இந்தத் துறைமுக நகரில் இன்று அரசாங்கப் பாடசாலை என்று எல்லாரும் சொல்லும் சில கட்டடங்கள், ஒரு காலத்தில் தனியார் கொடையும் ஊர்ப்பணமும் சேர்ந்து எழுந்தவை.

பொதுக்காரியத்துக்கு ஊர் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். கோணேசர் கோயிலுக்கு யார் என்ன கொடுப்பது, எந்தத் தொழும்பை எவர் செய்வது என்பதைக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் விரிவாகச் சொல்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் வழிபாடு தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் தொடர்ந்தது. கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்த தம்பலகாமத்து நெல்லும் கோயிலுக்குப் போய்ச்சேர்ந்தது. திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கும் நெல்லாகவும் தேங்காயாகவுமே கூலி கிடைத்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பணமே தேவைப்படவில்லை; ஆனால் ஆங்கிலமோ கணக்குப்பதிவோ அதில் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் கிறித்தவ மிஷனரிமார். கடற்படைத் தளமும் அரசாங்கக் கந்தோர்களும் இருந்த ஊரில் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேலை உறுதி. 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்தபின் பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை முறையாக வழங்கப்பட்டது. முதலில் வந்தவர்களுக்கு அது பெரும் வாய்ப்பு. பின்னால் வந்த சைவர்களோ, ஏற்கெனவே இயங்கும் பாடசாலைக்கு அண்மையில் தொடங்கும் பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்ற தூர விதியில் மாட்டிக்கொண்டார்கள். சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலில் படிப்பு வேண்டுமென்றால் நன்கொடை கிடைக்கும்வரை செலவை ஊரே தாங்கவேண்டும் என்பதுதான் நிலைமை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோதும் செலவை ஊரே தாங்கவேண்டிய சிக்கல்தான் எதிர்ப்பட்டது. அவர் காலம் முதல் சைவப் பாடசாலைகளுக்குப் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் ஊர்களில் பரவியது. காலையில் உலை வைக்குமுன், சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து வீட்டுப் பெண் ஒரு பிடி எடுத்து அடுப்படியில் தனியாக இருக்கும் பானையில் போடுவாள். குறித்த நாளில் சேர்ப்பவர்கள் சாக்கோடு படலையடிக்கு வருவார்கள். மாதமுடிவில் ஒரு வீட்டுப் பானையில் சேர்வது ஏறத்தாழ ஒரு கொத்து அரிசிதான். நூறு வீடு சேர்ந்தால் அதை விற்று ஆசிரியரின் கையில் ஏதோ கொடுக்கலாம். காசு வைத்திருக்காத வீடும் இதில் பங்காளி. அன்றாடச் சோற்றில் குறைவது தெரியாது. பணப்பெட்டி ஆண்கள் கையில் இருந்த காலத்தில் கல்விக்கான இந்தக் கொடை பெண்கள் கையால் போனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தமிழ்நாட்டில் விருதுநகரிலும் இதே முறை இருந்தது. அங்கே நாடார் வணிகர் தங்களுக்குள் திரட்டிய மகமை நிதியோடு வீடுதோறும் பிடியரிசியும் திரட்டிச் சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்.

பிடியரிசியால் எதுவும் முடியும் என்று எண்ணிவிடக்கூடாது. நாவலர் 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை, பணமுடையால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஓலைக் கொட்டிலும் உள்ளூர் ஆசிரியரும் அரிசியில் நடக்கும். பட்டதாரி ஆசிரியரும் விஞ்ஞானக் கூடமும் நடவா.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் கதையை, அரிசியால் முடிந்ததற்கும் முடியாததற்கும் இடையிலான இந்த இடைவெளியில் வைத்துப் பார்க்கவேண்டும். 1897இல் தொடங்கிய அந்தப் பாடசாலை 1925இல் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்குச் சென்றது. ஊர் தன் உழைப்பால் தொடங்கியதை, கிழக்கு மாகாணத்தில் பல பாடசாலைகளை நடத்திய ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்ததாகவே இதைக் கொள்ளலாம். மிஷன் சார்பில் இதன் நிருவாகத்தைப் பார்த்த சுவாமி விபுலாநந்தர் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற அதிபரை அரிசிப் பானை மட்டும் தேடித்தந்திருக்க முடியாது. 1929இல் அவர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தையும் தொடங்கிவைத்தார்.

பெண்பிள்ளைகளின் கல்விக்கு வழி வேறு. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற பெருமாட்டி தொடங்கிய பாடசாலையே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், சபையோ சங்கமோ முன்வருமென்று காத்திராமல் ஒரு பெண் செய்த காரியம் அது. நகரத்துக் கல்வி வரலாற்றில் இதற்கு இன்னும் கூடிய இடம் கொடுக்கவேண்டும்.

 இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் கட்டணம் நின்றது. உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பானது. கட்டடமும் தளவாடமும் முகாமையாளர் பொறுப்பிலேயே இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. இந்துக் கல்லூரியும் அவ்வாறு போனது. பிறகு ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி என்று பெயர் பெற்றது.

பாடசாலை அரசிடம் போனதோடு பிடியரிசிக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஊரின் பங்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் மாறியது. அபிவிருத்திச் சங்கத்தில் அதிபர் தலைவர். பெற்றார், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் உறுப்பினர். மதில் கட்டுவது, தளவாடம் திருத்துவது, சிரமதானம், விளையாட்டுப் போட்டிச் செலவு போன்றவை இவர்கள் கையில். உள்நாட்டுப் போர்க்காலத்தில் குடிபெயர்ந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிற பழைய மாணவரின் பணமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் அரசின் அதிகாரம். நாவலர் காலத்து ஊரார் கையிலிருந்த அந்த உரிமை இன்று சங்கங்களுக்கு இல்லை.