கூரைக்கு மேல் கூச்சல்

ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டிருக்கிறீர்களா? பாட்டை உங்கள் பக்கம் திருப்பிவிட்டது வானத்து அயனி மண்டலம். 1957-58-ல் அகில இந்திய வானொலிக்காரர்கள் திருச்சியிலிருந்து ரேடியோத் துடிப்புகளை மேலே அனுப்பி, எதிரொலி வர எத்தனை நேரமாகிறதென்று பார்த்து அந்தக் கூரையை அளந்தார்கள். ஊர் புவிக்காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். அளவுகளுக்கு வெளிநாட்டிலும் மவுசு.

கூரைக்கு மேலே நடக்கும் கூத்து மட்டும் கீழேயிருந்து தெரியாது. துருவ ஒளிக்கு மேலே, சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில், எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளைக் கொட்டுகின்றன. 1964-ல் ஏவிய சோவியத் 'எலெக்ட்ரான்' செயற்கைக்கோள்களின் காதில் அது விழுந்தது. 1974-ல் அமெரிக்காவின் டொனால்ட் கர்னெட் கணக்குப் போட்டார். உச்சத்தில் 100 கோடி வாட்! எந்த வானொலி நிலையமும் கிட்ட வராது. நமக்குத்தான் ஒரு முணுமுணுப்பும் இல்லை. இலங்கைப் பாட்டைக் கீழே அனுப்பிய அதே கூரை, இந்த நெடிய அலைகளை மேலேயே திருப்பிவிடுகிறது.