ஒரு பானைச் சோறும் ஒரு பந்தயமும்



அடையாற்றில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு சிறு மைதானம் உண்டு. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு நாள் மாலை உலாவச் சென்றபோது, அணித் தலைவனாக இருந்த சிறுவன் தன் தோழனிடம், "ரெண்டு மேட்ச்லயும் நீ முட்டைடா. இனிமே கடைசியாத்தான் இறங்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். தீர்ப்பைக் கேட்ட பையன் மறுபேச்சின்றித் தலையைக் குனிந்துகொண்டான். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குனிந்த தலை என் நினைவை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்க் கூறுகிறேன்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது மற்றொன்று. இரண்டும் அனுபவத்தில் பிறந்தவையே. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் முதல் சில பந்தயங்களைக் கொண்டு அவன் திறமையை நிர்ணயம் செய்யும்போது இவ்வாக்குகள் நமக்கு எவ்வளவு தூரம் துணை செய்யும்? நம் சென்னையின் கிரிக்கெட் வரலாற்றைக் கொண்டே இதை ஆராய்வோம்.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. மதராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. மைசூர் முதலில் 48 ஓட்டங்களுக்கும், பின்னர் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. நம் ஏ. ஜி. ராம்சிங் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பொழுது சாய்வதற்குள் பந்தயமே முடிந்துவிட்டது. அன்று வீடு திரும்பியவர்கள், "மைசூர்க்காரர்களுக்கு இந்த ஆட்டம் வராது" என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை கூற முடியுமா? ஆயினும் அதே மைசூர் 1941-42ஆம் பருவத்தில் ரஞ்சிக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தை எட்டியது. கர்நாடகம் என்ற பெயரில் 1973-74இல் கோப்பையையே வென்றது. ஒரு நாளின் கணக்கு அந்த நாளைப் பற்றிய உண்மையைத்தான் சொல்லிற்று; அணியைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை.

அணியை விட்டுத் தனி மனிதருக்கு வருவோம். சென்னைக் கிரிக்கெட்டை அறிந்தோர் வி. வி. குமாரின் பெயரை மறக்க மாட்டார்கள். லெக் ஸ்பின் வீசுவதில் வல்லவர். 1961ஆம் ஆண்டு பிப்ரவரியில், டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடினார். முதல் இன்னிங்ஸில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். இரண்டாவதில் 68 ஓட்டங்களுக்கு 2. நல்ல தொடக்கம். அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அவருக்கு ஒரு விக்கெட்டும் கிட்டவில்லை. அதுவே அவருடைய கடைசி டெஸ்டாயிற்று. அவரோ அதன் பின்னரும் பதினைந்து ஆண்டுகள் நம் மாநிலத்துக்காகப் பந்து வீசினார். முதல்தரப் பந்தயங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக இருபதுக்கும் குறைவு. இரண்டு பந்தயங்களின் கணக்கு ஒருபுறம். ஏறக்குறைய இருபது பருவங்களின் கணக்கு மறுபுறம். எது எடை மிக்கது என்று நீங்களே கூறுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைச் சேப்பாக்கம் 1988ஆம் ஆண்டு ஜனவரியில் கண்டது. நான் அப்போது மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியன். பொங்கலை ஒட்டிய நாட்கள். வந்திருந்தது மேற்கிந்தியத் தீவுகளின் வலிமை மிக்க அணி; அதன் தலைவர் விவியன் ரிச்சர்ட்ஸ். நரேந்திர ஹிர்வானி என்ற பத்தொன்பது வயது இளைஞர் தம் முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 61 ஓட்டங்களுக்கு 8, மறு இன்னிங்ஸில் 75க்கு 8 என, 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்தியா 255 ஓட்டங்களில் வென்றது. மாட வீதிகளில் வேறு பேச்சே இல்லை. அவ்வாண்டின் இறுதியில் நியூஸிலாந்துக்கு எதிராக மூன்று டெஸ்டுகளில் இன்னும் 20 விக்கெட்டுகள். ஆக, நான்கு டெஸ்டுகளில் 36. இனி உலகில் இவருக்கு நிகரில்லை என்றே நாங்கள் நம்பினோம். ஆனால் அதன்பின் அவர் ஆடிய 13 டெஸ்டுகளில் கிடைத்தவை 30 விக்கெட்டுகளே. மொத்தம் 17 டெஸ்டுகள், 66 விக்கெட்டுகள். அவர் நல்ல பந்துவீச்சாளர்தாம். ஆனால் டெஸ்டுக்கு ஒன்பது விக்கெட்டுகள் எடுப்பவர் உலகில் எவரும் இலர்.

"அப்படியானால் நல்ல தொடக்கத்தை நம்பவே கூடாதோ?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அன்று. தியாகராய நகரை அடுத்த மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ஆர். அஸ்வின் 2011ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியில் தம் முதல் டெஸ்டில் 9 விக்கெட்டுகள் எடுத்தார். 2024இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 106 டெஸ்டுகளும் 537 விக்கெட்டுகளும் இருந்தன. ஹிர்வானியின் தொடக்கம் அஸ்வினின் தொடக்கத்தை விடப் பெரிது; முடிவோ வேறு. தொடக்கத்தை மட்டும் பார்த்து இருவரின் எதிர்காலத்தையும் பிரித்தறிந்திருக்க முடியாது என்பதே இதன் பாடம்.

இதன் காரணத்தை ஒரு காசைக் கொண்டு விளக்கலாம். வகுப்பில் நாற்பது மாணவர்கள் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டட்டும். ஏறக்குறைய ஏழு பேருக்கு ஏழு தடவையோ அதற்கு மேலோ தலை விழும். அவர்களைத் தலை விழச் செய்வதில் சமர்த்தர்கள் என்று நாம் பாராட்டுவோமா? அதே மாணவர்களை நூறு முறை சுண்டச் சொன்னால், எழுபது தலைகள் பெறும் வாய்ப்பு லட்சத்தில் நான்கு பேருக்குக்கூட இராது. எண்ணிக்கை குறைவாக இருக்கையில் தற்செயல் திறமையின் வேடத்தைப் போட்டுக்கொள்ளும். எண்ணிக்கை பெருகப் பெருக வேடம் கலையும். ஆனால் மெல்லத்தான் கலையும். நம் மதிப்பீட்டின் பிழையைப் பாதியாகக் குறைக்க, பார்க்கும் ஆட்டங்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது கணித விதி.

அப்படியானால் நம் பாட்டிமார் ஒரே ஒரு சோற்றை நசுக்கிப் பதம் பார்த்தது தவறா? இல்லை. பானை ஒன்று, அரிசி ஒன்று, நீரும் நெருப்பும் எல்லாப் பருக்கைக்கும் பொது. ஆகவே ஒரு பருக்கை மற்றவற்றுக்குச் சாட்சி சொல்லும். ஆட்டக்காரனின் நாட்கள் அவ்வாறு ஒரே பானையில் வேகவில்லை. ஒரு நாள் ஆடுகளம் பந்தைச் சுழற்றும், மறுநாள் சுழற்றாது. எதிரணி மாறும், நடுவர் கை மாறும், கைக்கு வந்த பந்து நழுவும். பழமொழி பொய்யன்று, பொருந்தாத இடத்தில் அதை நாம் பொருத்துவதே பிழை.

சராசரி என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இதே சேப்பாக்கத்தில் கருண் நாயர் தம் மூன்றாவது டெஸ்ட் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் குவித்தார். ஏழு இன்னிங்ஸ் முடிவில் அவர் சராசரி 62-ஐத் தாண்டியது. ஆனால் மற்ற ஆறு இன்னிங்ஸிலும் சேர்ந்து கிடைத்தவை 71 ஓட்டங்களே. 303 அவருடைய உண்மையான அளவா, 71 அளவா? ஏழு இன்னிங்ஸ் அதைச் சொல்லப் போதா. 2017க்குப் பின் 2025 வரை அவருக்கு இன்னொரு டெஸ்ட் கிட்டவில்லை.

பிற நாடுகளிலும் இப்படித்தான். டான் பிராட்மன் 1928இல் தம் முதல் டெஸ்டில் எடுத்தவை 18, 1. அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. மூன்றாவதில் திரும்பி வந்து 79, 112 என்று ஆடினார். இலங்கையின் மார்வன் அத்தப்பத்து 1990 முதல் 1994 வரை ஆடிய முதல் மூன்று டெஸ்டுகளில், ஆறு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது ஒரே ஓர் ஓட்டம்! அவரே பின்னர் ஆறு இரட்டைச் சதங்கள் அடித்து, 5,502 டெஸ்ட் ஓட்டங்களைச் சேர்த்தார். அவருக்கு மீண்டும் வாய்ப்பு அளித்தவர்களுக்கு நாம் நன்றி கூற வேண்டும்.

சரி, குறைந்த கணக்கை வைத்தே முடிவு செய்தாக வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? இதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற புள்ளியியல் அறிஞர்கள், 1970ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் 18 ஆட்டக்காரர்கள் ஆளுக்கு 45 முறை மட்டை பிடித்த கணக்கை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவரின் கணக்கையும் அப்படியே நம்பாமல், பதினெண்மரின் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்தனர். மிக உயர்ந்தவரைக் கொஞ்சம் தாழ்த்தினர். மிகத் தாழ்ந்தவரைக் கொஞ்சம் உயர்த்தினர். பருவம் முடிந்தபின் பார்த்தால், 18 பேரில் 16 பேருக்கு இந்தத் திருத்திய மதிப்பீடே உண்மைக்கு அருகில் இருந்தது. புகழ்ச்சியிலும் இகழ்ச்சியிலும் நிதானம் என்று பெரியோர் சொல்லும் அறமே இங்கே கணக்காக வந்து நிற்கிறது.

தொடக்கத்தில் ஒரு காரணம் சொல்வதாகக் கூறினேன். நான் கணக்கு ஆசிரியனாக இருந்த காலம். உதவித்தொகைத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி அளிக்கப் பத்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜூன், ஜூலை மாதத் தேர்வுகளின் மதிப்பெண்களைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன். வெளியூரிலிருந்து அவ்வாண்டுதான் வந்து சேர்ந்த ஒரு பையன் 31, 28 என்று வாங்கியிருந்தான். அவன் பெயரை நான் இருமுறை யோசிக்கவுமில்லை. அரையாண்டுத் தேர்வில் அவன் 74 எடுத்தான், முழுவாண்டில் 88. அதற்குள் உதவித்தொகைத் தேர்வு நடந்து முடிந்துவிட்டது. நான் தேர்ந்தெடுத்த பதின்மரும் நன்றாகவே எழுதினார்கள். ஆகவே என் பட்டியலைச் சரியான பட்டியல் என்று அனைவரும் பாராட்டினார்கள்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தகுதியற்றவனைத் தேர்ந்தெடுத்தால் அவன் தோல்வி நம் பிழையைக் காட்டிக்கொடுக்கும். தகுதியுள்ளவனை விலக்கினால் அந்தப் பிழை எந்த ஏட்டிலும் பதிவாகாது. வி. வி. குமார் ஆடாத டெஸ்டுகளுக்குக் கணக்கு இல்லை. அந்தப் பையன் எழுதாத தேர்வுக்கும் மதிப்பெண் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் என்னை உறுத்துவது அந்த வெற்றிடம்தான்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களில் பலர் பிறரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அப்போது எத்தனை ஓட்டங்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆட்டங்களில் என்று கேளுங்கள். அதற்கு முந்தைய நீண்ட கணக்கு ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். ஐயம் நீங்கவில்லை என்றால் இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். உங்களையே நீங்கள் மதிப்பிடும்போதும் இதே நியாயத்தைக் கடைப்பிடியுங்கள். முதல் தேர்வின் மதிப்பெண் உங்கள் முழு அளவன்று.

மறுநாள் மாலை அதே மைதானத்திற்குச் சென்று அந்த அணித் தலைவனிடம், "தம்பி, அவனை இன்னும் நாலு ஆட்டம் முதலில் இறக்கிப் பாரேன்" என்றேன். "நாலா சார்? ரெண்டு தரேன்" என்றான். அதுவும் நல்ல தொடக்கந்தான் என்று எண்ணி வீடு திரும்பினேன்.